இரண்டு தீ

ஒரு தலைக்குள் சில ஆயிரம் சொற்கள் குடியிருந்தன. தலை மாரீஸ்வரியுடையது. வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

அந்தத் தலைக்குள் நுழைய இரண்டு வாசல்கள். ஒன்றில் காது உட்கார்ந்திருந்தது, இன்னொன்றில் கண். வெளியே போக ஒரே ஒரு வழிதான். அங்கே நாக்கு வேலை பார்த்தது. எந்தச் சொல் வெளியே போக வேண்டுமென்றாலும் நாக்குதான் தூக்கிக்கொண்டு போய் விட வேண்டும்.

காது வழியாக வந்த சொற்கள்தான் அங்கே அதிகம். சோறு, வெக்கை, சள்ளை, கறார் எல்லாம் அப்படி வந்தவை. சத்தம் போட்டுப் பேசும். கிடைத்த இடத்தில் சப்பணம் போட்டு உட்காரும். அவற்றை எப்படிச் சொல்வது என்று நாக்கு ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரோ சொல்லி, காது கேட்டு, உள்ளே விட்டவைதானே.

கண் வழியாக வந்தவை கொஞ்சம். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆனால் அவற்றுக்குக் குரல் கிடையாது. அச்சிலிருந்து இறங்கி வந்தவை அப்படித்தான். ஏதாவது கேட்டால் எழுதிக் காட்டும்.

அந்த வருஷம் பக்கத்து நகரத்தில் ஒரு கல்லூரி, சில பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து இலவசமாகப் படிக்கவைப்பதாகச் சொன்னது. நேர்முகத்தில் ஒரே ஒரு சோதனை. படித்த புத்தகம் ஒன்றைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். இடம் கிடைத்தால் மாரீஸ்வரி கல்லூரிக்குப் போவாள். கிடைக்காவிட்டால் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். அந்த ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பேர் மட்டும்தான் ஆபீஸ்.

நூலகத்தில் அவள் எடுத்தது ஒரு நாவல். அவள் வயதுக்காரர்களுக்காக எழுதியது. கதாநாயகி பெயர் யாழ்மொழி. நாவல்களில் மட்டும்தான் பெண்களுக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். யாழ்மொழியின் படிப்பை நிறுத்தி, சித்தப்பா வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ள அனுப்பப் பார்க்கிறார்கள். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அவள் எழுந்து நிற்கிறாள். தீர்க்கமான குரலில், "நான் போகமாட்டேன்" என்கிறாள்.

கண் அந்த இடத்தில் நின்றுவிட்டது. தீர்க்கம் என்ற சொல்லைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது.

காது எட்டிப் பார்த்தது. "இது யாரு? என் வழியா வரலையே."

"நாற்பத்தெட்டாம் பக்கம். நான் கூட்டிட்டு வந்தேன்" என்றது கண்.

"உனக்கு வேற சோலி இல்லை. வாய் பேசாததையெல்லாம் கூட்டிட்டு வருவே."

"நீ கூட்டிட்டு வந்ததுல பாதி கெட்ட வார்த்தை."

காது தன் வாசலுக்குத் திரும்பிவிட்டது. உண்மை அதுதான்.

கறார் எழுந்து வந்தது. அது பழைய குடித்தனம். அம்மா வாயிலிருந்து வந்தது. "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டது.

தீர்க்கம் எழுதிக் காட்டியது: எதிரே இருப்பவர் மறுபேச்சுப் பேச முடியாதபடி முடிவைச் சொல்வது.

"அது நான் பார்க்கிற வேலை. ரெண்டு ஆளு எதுக்கு?"

தீர்க்கம் இன்னொரு வரி எழுதியது: நான் கத்தமாட்டேன்.

கறார் யோசித்தது. கத்தாமல் அந்த வேலையை எப்படிச் செய்வது என்று அதற்குத் தெரியாது.

மாரீஸ்வரிக்கும் அங்கேதான் பொறி தட்டியது. அவள் வீட்டில் அகராதி இல்லை. இருந்தது ஒரு பட்டன் போன். பொருள் சொல்ல ஆளும் இல்லை. ஆனால் நாவலில் அந்தச் சொல் மறுபடி மறுபடி வந்தது. தீர்க்கமான குரல், தீர்க்கமான பார்வை, தீர்க்கமான முடிவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கத்தாமல், அழாமல், சாமானைப் போட்டு உடைக்காமல் முடிவைச் சொல்வது. அவள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. தெருவிலும் இல்லை. அதனால்தான் காது அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. இல்லாத பொருளுக்கு எதற்குப் பெயர்?

இவ்வளவையும் அவள் தனியாகக் கண்டுபிடித்தாள். இதைப் பின்னால் யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பேச்சில் இந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று முடிவானது. நாக்கைக் கூப்பிட்டார்கள்.

நாக்கு வேலைக்காரன். பொருளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, தூக்குவது எப்படி என்றுதான் பார்க்கும். தீர்க்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"எனக்கு ரெண்டு தீ தெரியும்" என்றது. "ஒண்ணு தீப்பெட்டி. இன்னொண்ணு எதிர்வீட்டுத் தீபா. இதுல நீ எது?"

தமிழில் எழுத்து ஒன்றுதான். சத்தம் இரண்டு. தீப்பெட்டி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு தீபா என்று சொல்லுங்கள். வித்தியாசம் தெரியும். தாளில் தெரியாது.

தீர்க்கம் பணிவாக எழுதிக் காட்டியது: தீ.

"சரி. அதுல எதுன்னு கேக்கேன்."

தீர்க்கம் இன்னும் பெரிதாக எழுதியது: தீ.

"இதுக்குச் செவிடும் சேர்த்தியா?" என்று நாக்கு கண்ணைக் கேட்டது.

"அதுகிட்ட இருக்கிறது அவ்வளவுதான். அது என்ன செய்யும்?" என்றது கண்.

காதைக் கேட்டார்கள். காது சொன்னது: "தீபான்னு கூப்பிடுற சத்தம் ஒரு நாளைக்கு நாலு தடவை கேக்கும். தீப்பெட்டிங்கிற சத்தம் விடிஞ்சதுல இருந்து கேக்குது. தீக்குச்சி, தீப்பெட்டி, தீஞ்ச வாடை. எல்லாம் ஒரே தீ. தீபாவும் வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற தீபாவளியும் மட்டும் தனி."

கறாரும் தன் பங்குக்குச் சொன்னது: "தீர், தீர்த்துட்டான், தீர்ந்துச்சு. இதுங்க எல்லாம் இங்கதானே குடியிருக்கு. இது அதுங்களோட சொந்தக்காரனாத்தான் இருக்கணும். பேச்சைத் தீர்த்துவைக்கிற குரல். பொருளும் சரியா வருதே."

பொருள் அவ்வளவு சரியாக வந்ததுதான் கேடு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தீப்பெட்டியின் தீ என்று முடிவு செய்தார்கள். தீர்க்கம் எதுவும் எழுதவில்லை. எழுதவும் வேறு எதுவும் இல்லை.

யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். தெரியாது என்று தெரிந்தால்தானே கேட்க. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள், படித்த சொல்லை எப்படிச் சொல்வது என்று எதற்குப் போய்க் கேட்பாள்?

தீபாவிடம் பேசிக் காட்டினாள். தீபா தலை பின்னியபடியே கேட்டாள்.

"ஏட்டி, பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போடுதே."

"நல்லாருக்கா?"

"எனக்குப் பாதி புரியலை. அப்ப நல்லாத்தான் இருக்கும்."

"அந்தத் தீர்க்கமான குரல் வருதுல்ல, அது எப்படி இருக்கு?"

"பத்த வச்ச மாதிரி இருக்கு. அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லு."

அழுத்திச் சொல்லப் பழகினாள். நாக்குக்கும் பிடித்துப்போனது. பல்லில் மோதி வெளியே பாயும்போது ஒரு மிடுக்கு இருந்தது.

நேர்முகத்துக்குக் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். விரலில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. "கறாராப் பேசு. வளவளன்னு இழுக்காதே" என்றாள்.

உள்ளே கறார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டது. "என்னைக் கூப்பிடுதாங்க" என்றது.

"நீ இரு" என்றது கண். "அங்கே எல்லாம் நீ சரிப்பட மாட்டே. இன்னைக்கு இவன் போவான்" என்று தீர்க்கத்தைக் காட்டியது.

கறார் உட்கார்ந்துவிட்டது. பழைய ஆட்களை உட்காரவைப்பது அவ்வளவு சுலபம்.

நேர்முக அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கல்லூரிச் செயலாளர். இடது பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை. வலது பக்கம் இருந்தவர் தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். கெட்டவர்கள் இல்லை. உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

மாரீஸ்வரி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். யாழ்மொழி யார், அவள் வீடு எப்படி, ஏன் அனுப்பப் பார்க்கிறார்கள் என்று சொன்னாள். பேராசிரியை தலையாட்டினார். நாற்பத்தெட்டாம் பக்கம் வந்தது.

"அப்போ அவள் எழுந்து நின்று, தீர்க்கமான குரலில்..." என்றாள். தீப்பெட்டியின் தீ. அழுத்திச் சொன்னாள்.

வலது பக்கத்துக்காரரின் பேனா நின்றது.

"என்ன குரல்ம்மா?" என்று செயலாளர் கேட்டார். "இன்னொரு தடவை சொல்லு."

அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து இன்னும் சத்தமாகச் சொன்னாள். நாக்கு இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கி எறிந்தது.

பேராசிரியை கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். "தீப்பெட்டி ஊர்ப் பிள்ளை சார். தீயை விடமாட்டேங்குது" என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

பிறகு செயலாளர் சொன்னார்: "தீர்க்கம்மா. தீர்க்கம்." தீபாவின் தீ. சாவகாசமாக, அவர் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற மாதிரி வந்தது. அப்படித்தான் இருந்திருக்கும்.

காது முதல் முறையாக அந்தச் சொல்லைக் கேட்டது. கேட்டு, உள்ளே விட்டது.

அந்த நொடியில் தீர்க்கத்துக்குக் குரல் வந்தது. அச்சிலிருந்து இறங்கிய நாளாக ஊமையாக இருந்த சொல் வாயைத் திறந்தது. செயலாளர் குரலிலேயே பேசியது.

"இதுதான் என் பெயர்" என்றது.

நாக்கு வெந்துபோய் நின்றது. "அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டேன்ல. தீப்பெட்டியா தீபாவான்னு வாய்விட்டுக் கேட்டேன்."

"நான் எழுதிக் காட்டினேன்."

"எழுதினா எப்படித் தெரியும்?"

"தெரிந்தவர்களுக்குத் தெரியும்" என்றது தீர்க்கம்.

நாக்கு கண்ணைப் பார்த்தது. கண் தரையைப் பார்த்தது. மேஜைக்கு அடியில் அவள் செருப்பு தெரிந்தது.

"மேல சொல்லும்மா. இன்னும் நேரம் இருக்கு" என்றார் செயலாளர்.

நேரம் இருந்தது. சொற்கள்தான் இல்லை. அந்த நாவலிலிருந்து கண் கூட்டிவந்த மற்றவை பின்னால் வரிசையில் நின்றிருந்தன. எல்லாம் அவள் பேச்சில் வரவேண்டியவை. இப்போது ஒவ்வொன்றும் பின்வாங்கியது.

கர்வம் எழுதிக் காட்டியது: நான் கதவா, கணேசனா?

பரிகாசம் எழுதிக் காட்டியது: நான் பல்லா, பாலுவா?

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களைத்தான் கேக்கணும்" என்றது நாக்கு.

பரிகாசம் பல்தான். நாக்கு நினைத்திருந்தபடியே சொன்னால் சரியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகு சரியான சொல்லும் தவறான சொல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். கர்வமும் பரிகாசமும் ஓடிப்போய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டன.

தைரியம் என்ற சொல் மட்டும் எழுந்து நின்றது. அது காது வழியாக வந்தது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவள் சொல்லவந்தது முடிவைச் சொன்ன விதத்தை, அங்கே அதற்கு வேலை இல்லை.

நாக்கு கடைசியாகக் கறாரிடம் போனது. "நீ வா. உன்னைத் தூக்கிட்டுப் போறேன். அம்மாவும் அதைத்தானே சொன்னாங்க."

கறார் அசையவில்லை. "அவங்க முன்னால என்னைச் சொல்லலாமா?"

"என்ன கேள்வி இது? நீ பயப்படுத ஆளா?"

"இவ்வளவு நாள் பயந்ததில்லை. காலையில இவன்தான் சொன்னான், நான் சரிப்பட மாட்டேன்னு" என்று கண்ணைக் காட்டியது. "நானும் அந்தத் தீர்க்கம் மாதிரி வேற பாஷையிலேர்ந்து வந்தவன்தான். ஆனா காது வழியா வந்தேன், எனக்கு வெக்கம் தெரியாம இருந்துச்சு. இன்னைக்குத் தெரியுது."

ஆக, புதுச் சொல்லும் வரவில்லை, பழைய சொல்லும் வரவில்லை. யாழ்மொழி நாற்பத்தெட்டாம் பக்கத்தில் எழுந்து நின்றபடியே இருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பது அந்த அறைக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"அவ்வளவுதான் சார். நல்ல கதை" என்றாள் மாரீஸ்வரி.

"நீ நிறைய வாசிக்கிறேன்னு தெரியுதும்மா" என்றார் செயலாளர். "அது நல்ல பழக்கம். விட்டுடாதே. ஆனா எங்களுக்கு நாலு மேடையில ஏறி கல்லூரி பேரைச் சொல்ற பிள்ளைங்க வேணும். கொஞ்சம் உச்சரிப்பைப் பாத்துக்கோ."

எதைப் பார்த்துத் திருத்திக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் பேராசிரியை சொன்னார். அதுவும் சரியாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "கறாராப் பேசினியா?"

"பேசினேன்."

"அப்புறம் என்ன, குடுத்துருவாங்க."

பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. அம்மா இரண்டு நாள் அந்தக் கல்லூரியைத் திட்டினாள். திட்டுவதற்கு அவளிடம் எல்லாச் சொல்லும் இருந்தது, ஒன்றுகூட நாக்கில் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாரீஸ்வரியும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஆபீசுக்குப் போனாள்.

படிப்பதை விடவில்லை. செயலாளர் சொன்னதற்காக இல்லை. கண்ணால் சும்மா இருக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் குச்சி அடுக்குகிற கட்டையில் சாய்ந்துகொண்டு படித்தாள். ஒரு நாவல் முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று. கண் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தது. பொருள் கண்டுபிடிப்பதில் அவள் இப்போது கெட்டிக்காரி. மூன்று இடம்கூட வேண்டாம், இரண்டு இடத்தில் பார்த்தால் போதும்.

ஒரு நாள் பக்கத்தில் இருந்த செல்வி அக்கா கேட்டாள். "என்ன கதைடி? சொல்லேன், நாங்களும் கேப்போம்."

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். உள்ளே அழகழகான சொற்கள் எழுந்து வரிசையில் நின்றன. நாக்கு முதல் சொல்லிடம் போனது.

"உன்னை யாராவது சத்தமாச் சொல்லிக் கேட்டிருக்கியா?"

சொல் தலையை ஆட்டியது, இல்லை என்று.

அடுத்ததைக் கேட்டது. அதுவும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை.

"போய் உக்காருங்க" என்றது நாக்கு.

தீர்க்கம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. "என்னைச் சொல்லலாமே. என் பெயர்தான் உனக்கு இப்போது தெரியுமே."

"தெரியும்" என்றது நாக்கு. "ஆனா உன்னைச் சொன்னா அந்த ஆளோட குரல்ல வருது. இவங்க முன்னால அதைச் சொன்னா இவங்க சிரிப்பாங்க."

தீர்க்கமும் போய் உட்கார்ந்தது.

"சும்மா ஒரு பொண்ணு கதை அக்கா" என்றாள் மாரீஸ்வரி.

செல்வி அக்கா, "இதுக்கா இம்புட்டு நேரம் வாயைத் திறந்துக்கிட்டு இருந்தே" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

இப்போது அந்தத் தலைக்குள் இடமே இல்லை. புத்தகத்திலிருந்து வந்த சொற்கள் அத்தனை. யாருக்கு என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வெளியே போவதில்லை. எழுதச் சொன்னால் மாரீஸ்வரி ஒரு பிழை இல்லாமல் எல்லாவற்றையும் எழுதிவிடுவாள்.

யாரும் எழுதச் சொல்லவில்லை.